இன்னும் பிறக்காத பிரபஞ்சத்துக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: விண்வெளியில் இஷ்டப்படி சுற்றித் திரியும் புதிய வீடியோ கேம் ஒன்றின் டிரெய்லர் வந்திருக்கிறது. இதுதான் இலக்கு என்று எதுவும் இல்லையாம். பிடித்த கிரகத்தில் இறங்கி எத்தனை நாள் வேண்டுமானாலும் அலையலாமாம். வெளியாக ஓராண்டுக்கு மேல் ஆகும். இப்போதே முன்பதிவு செய்தால் சிறப்பு விண்கலம் ஒன்று இலவசம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டிஸ்க்கில் மட்டும் கேம் வந்த நாட்களில் முன்பதிவுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. கடைக்கு வந்த பெட்டிகள் முதல் நாளே தீர்ந்துவிடும். டவுன்லோடு தீர்ந்துபோவதில்லை. வெளியான அன்று நள்ளிரவிலும் கிடைக்கும், ஆறு மாதம் கழித்தும் கிடைக்கும், அப்போது விலையும் குறைந்திருக்கும். இலவச விண்கலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இத்தகைய விளையாட்டுகளில் நீங்களே தேடிப் பிடிக்கும் மூன்றாவது கலம் அதைவிட நன்றாக இருக்கும்.

இந்த வகை விளையாட்டில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் ‘நோ மேன்ஸ் ஸ்கை’. இங்கிலாந்தில் கில்ஃபோர்டு நகரில் இருக்கும் ஹெலோ கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2013 டிசம்பரில் அதை அறிவித்தது. அடுத்த ஆண்டு சோனி தன் பெரிய மேடையிலேயே அதைக் காட்டியது. மொத்தக் கிரகங்கள் 18,446,744,073,709,551,616. பிரமிப்பூட்டும் எண்தான். ஆனால் கணினி கையாளும் 64 பிட் எண் ஒன்றில் அடங்கும் வெவ்வேறு மதிப்புகள் மொத்தம் அவ்வளவு, வேறொன்றுமில்லை. கிரகங்களை யாரும் வரைந்து வைக்கவில்லை. நீங்கள் அருகில் போகும்போது கணக்குச் சூத்திரம் மலையையும் கடலையும் விலங்கையும் உருவாக்குகிறது. இருபது பேர்கூட இல்லாத குழுவால் பிரபஞ்சத்தையே விற்க முடிந்தது இப்படித்தான்.

தொழில்நுட்பம் பொய்யில்லை. சிக்கல் அதைச் சுற்றி எழுந்த பேச்சில் வந்தது. எதிர்பார்த்துக் காத்திருந்த இரண்டரை ஆண்டுகளில் பேட்டிக்குப் பேட்டி ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டே போனது. நிறுவனர் ஷான் முர்ரே மற்ற ஆட்டக்காரர்களைச் சந்திக்க முடியும் என்றார்; அண்டம் அவ்வளவு பெரிது என்பதால் அது அரிதாகத்தான் நடக்கும் என்றும் சொன்னார். 2016 ஆகஸ்டில், 60 டாலர் விலையில் கேம் வெளியானது. முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்கு வந்து நின்று, அதை நேரலையிலும் காட்டினார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. ஐரோப்பாவில் விற்ற சிறப்புப் பதிப்பின் பெட்டியை வாங்கியவர்கள் அதன்மேல் இருந்த ஒட்டுத்தாளைச் சுரண்டிப் பார்த்தார்கள். அடியில் ‘இணையத்தில் சேர்ந்து ஆடலாம்’ என்பதற்கான சின்னம் அச்சாகியிருந்தது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஆடிய விளையாட்டு, சில வாரங்களில் சில ஆயிரம் பேருக்குச் சுருங்கியது.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்கு 23 புகார்கள் போயின. விசாரித்த ஆணையம், விளம்பரத்தில் விதிமீறல் இல்லை என்று நவம்பர் 30 அன்று தீர்ப்புச் சொன்னது. ஏன்? அவர்கள் ஆராய்ந்தது ஸ்டீம் விற்பனைப் பக்கத்தில் இருந்த படங்களையும் காணொளிகளையும் வாசகங்களையும். அவற்றில் கண்டதைப் போன்ற காட்சிகள் விளையாட்டில் வரத்தான் செய்தன. மேடையிலும் தொலைக்காட்சியிலும் பேசியவை வேறு கணக்கு. ஆகவே நீங்கள் மயங்கியது எதில் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பேட்டியில் கேட்டதை விற்பனைப் பக்கத்தில் தேடுங்கள். அங்கே எழுத்தில் இல்லையென்றால், அது உங்களுக்கு விற்கப்படவில்லை.

கேள்வி: அந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ இப்போது நன்றாக இருக்கிறது என்கிறார்களே, வாங்கலாமா? எங்கள் ஊரில் இணையம் அடிக்கடி போய்விடும்.

பதில்: வாங்கலாம். வெளியான பிறகு அந்த நிறுவனம் சில மாதங்கள் வாயே திறக்கவில்லை. பிறகு 2016 நவம்பரில் கிரகங்களில் சொந்த இருப்பிடம் கட்டும் வசதி வந்தது. 2018 ஜூலையில் ஒருவரையொருவர் உண்மையாகவே பார்த்து, சேர்ந்து ஆடும் வசதி வந்தது. அடுத்த ஆண்டு மெய்நிகர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட முடிந்தது. எல்லாமே இலவசம், பழைய வாங்குநர்களிடம் மேலும் ஒரு காசு கேட்கவில்லை. மதிக்க வேண்டிய செயல்தான். ஆனால் இதைக் காட்டி ‘எல்லாரும் பின்னால் திருத்திவிடுவார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வாரத்தில் முழு விலை கொடுத்தவர்தான் ஏமாந்தார். இரண்டாண்டு பொறுத்தவருக்குப் பாதி விலையில் இரண்டு மடங்கு விளையாட்டு கிடைத்தது.

இணையம் இல்லாமலும் தனியாக ஆடலாம். அதே வகையைச் சேர்ந்த ‘எலீட் டேஞ்சரஸ்’ உங்களுக்கு ஒத்துவராது. நம் பால்வீதியை அதே அளவில், 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களுடன் அமைத்திருக்கிறார்கள். ஆனால் தனியாக ஆடினாலும் இணையம் வேண்டும். பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது இணையமில்லாமல் ஆடும் வசதியும் உண்டு என்று சொன்னவர்கள், 2014 நவம்பரில், வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அது இல்லை என்றார்கள்.

கேள்வி: ஸ்டீமில் பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே, பிறகென்ன பயம்?

பதில்: வாங்கி 14 நாட்களுக்குள், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கிடைக்கும். சண்டை விளையாட்டு பிடிக்கிறதா என்று இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். விண்வெளி விளையாட்டில் அந்த நேரம் விமானி உரிமம் எடுப்பதிலேயே போய்விடும். ‘நோ மேன்ஸ் ஸ்கை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத கிரகத்தில் கண் விழிக்கிறீர்கள். வெளியே நச்சு மழையோ கொதிக்கும் வெயிலோ. உடையின் பாதுகாப்பு குறைந்துகொண்டே வருகிறது, அதை மீண்டும் நிரப்பச் சோடியம் தேட வேண்டும். பாறையை உடைத்து இரும்புத் துகள் சேர்த்து, கருவியைச் சரிசெய்து, பழுதான கலத்தைக் கண்டுபிடித்து, அதன் எந்திரங்களை ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்து மேலே எழும்பும்போது கடிகாரத்தைப் பார்த்தால் கெடு பாதிக்கு மேல் கரைந்திருக்கும். அண்டம் எப்படி என்று இன்னும் பார்க்கவே இல்லை.

இடையில் நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் ஆடியதாகவே கணக்காகும். ஆகவே எழுந்து போகும்போது கேமை முழுவதுமாக மூடுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் விதி இன்னும் கடுமை. டவுன்லோடு தொடங்கிவிட்டாலே, பழுதில்லாத கேமுக்குப் பணம் திரும்பாது. தானாக டவுன்லோடு ஆகும் அமைப்பை முதலில் அணைத்து வையுங்கள்.

கேள்வி: தங்கை மகன் ‘ஸ்டார் சிட்டிசன்’ விளையாட்டில் விண்கலம் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். சில நூறு டாலர் ஆகிறது. கேம் இன்னும் முழுதாக வெளியாகவே இல்லை என்கிறார்கள். இது என்ன வியாபாரம்?

பதில்: நல்ல கேள்வி. 2012-இல் கேம் வடிவமைப்பாளர் கிறிஸ் ராபர்ட்ஸ் இதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கினார். 2014 நவம்பரில் தருவதாகத் திட்டம். 2024-இல் திரண்ட பணம் 70 கோடி டாலரைத் தாண்டியது. கேம் இன்னும் சோதனை நிலையில்தான் இருந்தது. ஆடக்கூடிய பகுதி உண்டு, அழகாகவும் இருக்கிறது. மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விற்கும் முறையைக் கவனியுங்கள். சில கலங்களை வரைபட நிலையிலேயே விற்கிறார்கள். உங்கள் கலம் தயாராகும்வரை ஓட்டிக்கொள்ள வேறொரு கலத்தை இரவல் தருகிறார்கள். இன்னும் கட்டப்படாத அந்தக் கலத்துக்கு ஆயுள் முழுவதற்குமான காப்பீடும் உண்டு! 2018-இல் 27,000 டாலருக்கு ஒரு தொகுப்பு விற்றார்கள். அதன் பக்கத்தைப் பார்ப்பதற்கே முன்னதாக ஆயிரம் டாலர் செலவழித்திருக்க வேண்டும்.

பையனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பெரும்பாலான கலங்களை விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் காசைக் கொண்டே வாங்கலாம். அவ்வப்போது சில நாட்களுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடலாம் என்று திறந்துவிடுகிறார்கள். அப்போது அவன் ஆடிப் பார்க்கட்டும். உங்கள் கணினி அதைத் தாங்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உங்கள் கார்டு விவரத்தை மட்டும் அவன் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

கேள்வி: கூடுதல் பணம் கொடுத்தால் ஐந்து நாள் முன்னதாக ஆடலாம் என்கிறார்கள்...

பதில்: 2023-இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ என்ற விண்வெளி விளையாட்டு அப்படித்தான் வந்தது. சாதாரணப் பதிப்பு 70 டாலர், செப்டம்பர் 6 அன்று. 100 டாலர் பதிப்புக்கு செப்டம்பர் 1. எக்ஸ்பாக்ஸ் சந்தா வைத்திருந்தவர்கள் 6ஆம் தேதியே தனியாக எதுவும் கொடுக்காமல் ஆடினார்கள். ஐந்து நாளுக்கு 30 டாலர் தரும் அளவுக்கு அவசரமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: முழுமையடையாத கேமைக் குறைந்த விலைக்கு இப்போதே வாங்கிவைத்தால், முடிந்த பிறகு லாபம்தானே?

பதில்: முடிந்தால் லாபம். ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2’ 2023 பிப்ரவரியில் முழுமையடையாத நிலையிலேயே 50 டாலருக்கு வந்தது. குறைந்த விலைகூட இல்லை. வேற்றுக் கிரகக் குடியிருப்புகள், வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், நண்பர்களோடு ஆட்டம் என்று அழகான கால அட்டவணை போட்டார்கள். 2024-இல் அதை உருவாக்கிய குழுவே கலைக்கப்பட்டது. அந்த மூன்றும் வரவில்லை. மனை விற்பவரின் வரைபடத்தில் பூங்காவும் நீச்சல் குளமும் இருப்பதைப் போலத்தான் இந்த அட்டவணைகளும். சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமல் போகலாம் என்று ஸ்டீமே தன் விளக்கத்தில் எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. இன்றைக்கு இருக்கும் நிலையில், இனிமேல் எதுவும் சேராது என்று வைத்துக்கொண்டு, இந்த விலை தகுமா என்று பாருங்கள்.

கேள்வி: விற்பனைப் பக்கத்தில் சொன்னதே இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். சிறிய தொகைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். எதற்கும் சான்று வேண்டும். வாங்கும் அன்றே விற்பனைப் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து, பணம் கட்டிய ரசீதோடு ஒரே இடத்தில் வையுங்கள். அந்தப் பக்கத்தின் வாசகங்களை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.