தினமும் போடுற மாத்திரையே தலைவலிய விடாம புடிச்சு வச்சிருக்கு

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. 8 வருஷமா ஒத்தத் தலைவலி, இப்ப ஒரு வருஷமா மாசத்துல 20 நாளுக்கு மேல வருது. மெடிக்கல்ல வாங்கி தினமும் ரெண்டு மாத்திரை போட்டாத்தான் வேலைக்கே போக முடியுது. சைனஸ்னு மருந்து எடுத்தேன், கண்ணாடி மாத்தினேன், எம்ஆர்ஐ எடுத்தேன், எல்லாம் நார்மல். வேலைக்கு பயந்துட்டு நடிக்கிறேன்னு வீட்ல சொல்றாங்க. சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு. ரெண்டு குழந்தைங்க, ஆபரேஷன் பண்ணியாச்சு. இதுக்கு முடிவே கிடையாதா?

பதில்: நீங்க நடிக்கலம்மா. இதை மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இந்த ஒரு வார்த்தைய கேக்குறதுக்கே வருஷக்கணக்கா காத்திருந்து என் முன்னாடி உக்காந்து அழுத பொம்பளைங்கள நான் நிறைய பார்த்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு கோவம்தான் வருது. எம்ஆர்ஐ நார்மல்னா மூளையில கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்லன்னுதான் அர்த்தம், வலி இல்லன்னு அர்த்தம் இல்ல. செவுத்த போட்டோ எடுத்தா உள்ள ஓடுற கரண்ட் தெரியுமா, அது மாதிரிதான், மைக்ரேன்ல, அதாவது உங்க ஒத்தத் தலைவலியில, நரம்பு வேலை செய்யுற விதம் மாறுது, அது ஸ்கேன்ல விழாது. அம்மாவுக்கும் இப்படி இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க, நெத்தியில துணிய இறுக்கி கட்டிக்கிட்டு இருட்டு ரூம்ல படுத்திருந்தாங்கன்னா அதுவும் பெரும்பாலும் இதேதான், குடும்பத்துல ஓடுற வியாதி.

சைனஸ் பத்தி ஒண்ணு. 2004-ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, சைனஸ் தலைவலின்னு நம்பிட்டு இருந்த கிட்டத்தட்ட 3,000 பேரை சோதிச்சாங்க, அதுல 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் மாதிரியான தலைவலி. மைக்ரேன் வர்றப்பவும் மூக்கு அடைக்கும், கண்ணுல தண்ணி வரும், அதான் குழப்பம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி, அதுல 8 நாளாவது மைக்ரேன் மாதிரி, இப்படி 3 மாசத்துக்கு மேல போனா அது நாள்பட்ட மைக்ரேன். ஆனா உங்க கடிதத்துல எனக்கு பளிச்சுனு தெரிஞ்சது அந்த தினசரி ரெண்டு மாத்திரைதான். மாத்திரை அட்டையத் திருப்பி பாருங்க. வெறும் பாரசிட்டமால்னா மாசத்துல 15 நாள் தாண்டுனாலே ஆபத்து, கூட கஃபீன், எர்கோட்டமின்னு ரெண்டு மூணு சேர்ந்த கலவைன்னா 10 நாள்தான் எல்லை. அதைத் தாண்டி மாசக்கணக்கா போட்டா மருந்தே தலைவலிய உண்டாக்க ஆரம்பிச்சிடும், காலையில எந்திரிக்கிறப்பவே வலி, மாத்திரை போட்டா நாலு மணி நேரம் சும்மா இருக்கும், மறுபடி வலி, மறுபடி மாத்திரை. இது உங்க தப்பு இல்லம்மா, குழந்தைங்கள வச்சுக்கிட்டு லீவு போட முடியாத ஒருத்தி வேற என்ன பண்ணுவா.

அதை நிறுத்தணும், நிறுத்துறப்ப கஷ்டமா இருக்கும்னு இப்பவே சொல்லி வச்சிடுறேன். மொத ரெண்டு நாள்ல இருந்து பத்து நாள் வரைக்கும் வலி கூடலாம், வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரலாம், பல பேர் அங்கதான் பயந்து திரும்ப மாத்திரைக்கே போயிடுறாங்க. அதனால தனியா பண்ணாதீங்க, நரம்பியல் டாக்டர் ஒருத்தர பார்த்து, அந்த நாளுக்கு மாற்று மருந்தும் கூடவே தடுப்பு மருந்தும் வாங்கிக்கிட்டு பண்ணுங்க, முடிஞ்சா ஒரு வாரம் லீவு கேளுங்க.

தடுப்பு மருந்துங்கிறது வலி இருந்தாலும் இல்லன்னாலும் தினமும் போடறது. நிறைய பேருக்கு ப்ரொப்ரனலால் குடுப்போம், ஆனா உங்களுக்கு வீசிங் இருந்திருக்கு, அது வேண்டாம், டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. டோபிராமேட் யோசிக்கலாம், விரல் மதமதன்னு இருக்கும், சில பேருக்கு பேசுறப்ப வார்த்தை தட்டும். அமிட்ரிப்டிலின் ராத்திரி 10 மில்லிகிராம்ல ஆரம்பிக்கலாம், தூக்கமும் நல்லா வரும், வாய் வறண்டு போகும், எடை கொஞ்சம் கூடலாம். இதுல ஒரு சிக்கல், போன்ல தேடிப் பார்த்தா மன அழுத்தத்துக்கு குடுக்குற மாத்திரைன்னு வரும், உடனே என்னைய பைத்தியம்னு நினைச்சுட்டாங்களான்னு தூக்கிப் போட்டுடுவாங்க, அப்படி இல்லம்மா, வலிக்கு குறைஞ்ச அளவுல குடுக்குறது. ரெண்டு மாசமாவது போட்டாத்தான் பலன் தெரியும், பத்து நாள்ல கேக்கலன்னு விட்டுடாதீங்க. இதெல்லாம் சரிப்படலன்னாதான் போடாக்ஸ் ஊசி, தலையிலயும் கழுத்துலயும் 31 இடத்துல, 12 வாரத்துக்கு ஒரு தடவ, செலவு அதிகம்.

முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். 20 நாள் வலி 5, 6 நாளா குறைஞ்சவங்கள பார்த்திருக்கேன், அது வாழ்க்கையே மாறுன மாதிரிதான். டைமுக்கு சாப்பிடுங்க, காலையில பட்டினியா ஷிப்டுக்கு ஓடாதீங்க, விரதம் இருந்தே ஆகணும்னா பால் பழமாவது எடுத்துக்கோங்க. செக்கிங் லைட் கண்ணுல நேரா அடிக்காம உக்காருங்க.

ஒண்ணு மட்டும், திடீர்னு இடி விழுந்த மாதிரி இதுவரைக்கும் வராத வலி வந்தாலோ, காய்ச்சலோட கழுத்து இறுகினாலோ, கை கால் விழுந்தாலோ, பேச்சு குளறினாலோ மைக்ரேன்னு படுத்துக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

இன்னைக்கே வீட்ல மாட்டியிருக்குற காலண்டர்ல வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு, பீரியட்ஸ் நாளுக்கு ஒரு வட்டம் போட ஆரம்பிங்க. டாக்டர்கிட்ட போறப்ப அந்த காலண்டரையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கோங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, இது நடிப்பு இல்லன்னு டாக்டர் வாயால அவரும் கேக்கட்டும்.