சால்டரிங் டவுட்டா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: புதுசா சால்டரிங் கத்துக்கிறேன் சார். அயர்ன் நுனியில, அதாவது டிப்ல, ஈயத்த உருக்கி எடுத்துட்டுப் போய் ஜாயிண்ட்ல தடவுனா உருண்டையா நிக்குது, லேசா இழுத்தா கையோட வந்துடுது. ஈயம் சரியில்லையா, அயர்ன் சரியில்லையா?

பதில்: ரெண்டு மேலயும் பழி போடாதீங்க தம்பி, தப்பு நீங்க செய்ற வரிசையில இருக்கு. அந்த ஈயக் கம்பிக்கு நடுவுல ஃப்ளக்ஸ் ஓடுது, பெரும்பாலும் பைன் மரப் பிசின்ல செஞ்சது, காப்பர் மேல படிஞ்சிருக்கிற ஆக்சைட வழிச்சு எடுக்குறதுதான் அதோட வேலை. நீங்க டிப்லயே உருக்கிட்டா ஜாயிண்டுக்கு வர்றதுக்குள்ள ஃப்ளக்ஸ் எல்லாம் புகையா போயிடும், அப்புறம் வெறும் ஈயம் சூடே ஏறாத அழுக்குக் காப்பர்ல எப்படி ஒட்டும்? ரிப்பேர் பண்றவங்க டிரை சால்டர்னு சொல்றது இந்த மாதிரி ஜாயிண்டத்தான், பார்த்தா ஒட்டுன மாதிரியே இருக்கும், ஆனா கரண்ட் வரும் போகும்.

இப்படி செஞ்சு பாருங்க. டிப்ப மொதல்ல பேடையும் (போர்டுல இருக்கிற காப்பர் திட்டு) காம்பொனண்ட் காலையும் (மாட்டுற பாகத்தோட கம்பி) ஒரே நேரத்துல தொடுற மாதிரி வைங்க, ஒரு செகண்ட் விடுங்க, அப்புறம் எதிர்ப்பக்கத்துல இருந்து ஈயத்த காலு மேல வைங்க, டிப் மேல இல்ல. ரெண்டும் சூடாயிருந்தா ஈயம் தானா இழுத்துட்டு ஓடும். போதும்னு பட்டதும் மொதல்ல ஈயம், அப்புறம் அயர்ன், அந்த வரிசையில எடுங்க. இறுகுற வரைக்கும் கால ஆட்டாதீங்க, ஊதவும் வேணாம். மொத்தமே ரெண்டு மூணு செகண்ட் வேலை. நல்ல ஜாயிண்ட் மலையடிவாரம் மாதிரி ஓரத்துல உள்வளைஞ்சு சரிஞ்சு இறங்கும்.

இன்னொண்ணு, 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம் கலந்த கம்பி) 183 டிகிரில உருக ஆரம்பிச்சுடும், அப்ப அயர்ன எதுக்கு 320, 350ல வைக்கணும்னு தோணும். டிப் பட்டதும் காப்பர் சூட்ட உறிஞ்சிடுதே, அதுக்குத்தான். ஆனா ஒட்டலன்னதும் சூட்ட 450க்கு ஏத்துறவங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்குத்தான் பேட் போர்ட விட்டு உரிஞ்சு வரும். பெரிய காப்பர் ஏரியான்னா கொஞ்சம் அகலமான டிப் போடுங்க, சூட்ட ஏத்தாதீங்க.

கேள்வி: என் பையன் வீட்டுல சால்டரிங் பண்றான். அந்தப் புகையில ஈயம் இருக்கு, விஷம்னு பயமா இருக்குங்க. நிறுத்தச் சொல்லவா?

பதில்: நிறுத்த வேணாம்மா, பயத்த மட்டும் வேற எடத்துக்கு மாத்துங்க. ஈயம் கொதிச்சு ஆவியாக 1,700 டிகிரிக்கு மேல வேணும், அயர்ன் 350லதான் நிக்குது, அதனால நீங்க பாக்குற புகை ஈயத்தோடது இல்ல, ஃப்ளக்ஸோடது. அதுக்காக அது நல்ல புகைன்னு இல்ல, பிசின் புகைய தினமும் சுவாசிச்சு வேலை செய்றவங்களுக்கு ஆஸ்துமா வர்றது தெரிஞ்ச விஷயம். ஜன்னல் தொறந்திருக்கணும், ஒரு சின்ன ஃபேன் பக்கவாட்டுல புகைய முகத்துக்கு எட்டாம இழுத்துட்டுப் போகணும், நேரா ஜாயிண்ட் மேல அடிச்சா ஜாயிண்ட் ஆறிடும். தலைய போர்டுக்கு நேர் மேல கொண்டு போகக் கூடாது.

ஈயம் உடம்புக்குள்ள போற வழி கைதான். கம்பிய தொட்ட கையோட எதையாவது எடுத்து சாப்பிடுறது, ரெண்டு கையும் போதலன்னு ஈயத்த பல்லுல கடிச்சுப் பிடிக்கிறது (இத நிறைய பேர் செய்றாங்க, பாத்தாலே எனக்கு பதறும்), சாப்பாட்டு மேஜை மேலயே உக்காந்து வேலை பாக்குறது, இதெல்லாம்தான் ஆபத்து. முடிச்சதும் சோப்பு போட்டு கைய கழுவணும், மேஜைய ஈரத்துணியால துடைக்கணும். வீட்டுல கைக்குழந்தை இருந்தா லெட் ஃப்ரீ (ஈயம் கலக்காத) கம்பியே வாங்கிக் குடுங்க. ஐரோப்பாவுல 2006 ஜூலையில இருந்து புதுசா விற்பனைக்கு வர்ற பெரும்பாலான எலக்ட்ரானிக்ஸ்ல ஈயத்துக்குத் தடை, அதனால தாராளமா கிடைக்குது. ஆனா அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும், கத்துக்கிறவங்களுக்குக் கொஞ்சம் மக்கர் பண்ணும், ஜாயிண்ட் நல்லா இருந்தாலும் பாக்க மங்கலாத்தான் இருக்கும். புகையும் வரத்தான் செய்யும்.

கேள்வி: டிப் கருப்பாயிடுச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. உள்ள காப்பர், மேல மெல்லிசா இரும்புப் பூச்சு. அது போச்சுன்னா காப்பர் ஈயத்துல கரைஞ்சு டிப் குழி விழுந்துடும். பித்தளைச் சுருள்ல குத்தி எடுங்க, உடனே புது ஈயம் பூசுங்க. ஆஃப் பண்றதுக்கு முன்னாடியும் டிப் மேல ஈயம் இருக்கட்டும்.

கேள்வி: பழைய சார்ஜர், பவர் சப்ளை போர்டெல்லாம் நிறைய கிடக்கு. அதுல கழட்டி மாட்டிப் பழகலாமா?

பதில்: ஆரம்பத்துல வேணாம். 230 வோல்ட் ஏசிய டிசியா மாத்துனா போர்டுல சார்ஜ சேத்து வைக்கிற அந்தப் பெரிய கெபாசிட்டர்ல ஏறக்குறைய 325 வோல்ட் நிக்கும், பிளக்க புடுங்குன பிறகும் சில போர்டுல ரொம்ப நேரம் அப்படியே இருக்கும். மல்டிமீட்டர்ல பாத்து இறங்கிடுச்சுன்னு தெரியாம விரலே வைக்காதீங்க. பேட்டரில ஓடுற பழைய ரிமோட், பொம்மை இதுங்க போர்ட எடுத்துக்கங்க, பேட்டரிய கழட்டிட்டு. லித்தியம் செல் மேல நேரா அயர்ன் வைக்கிற வேலை மட்டும் எப்பவுமே வேணாம், சூட்டுல செல் உள்ள கெட்டுப் போய் தீப்பிடிக்கலாம்.

கேள்வி: கண்ணாடி போடணும்ங்கறாங்களே, அவ்ளோ அவசியமா?

பதில்: அவசியம்தான். ஃப்ளக்ஸ் சில சமயம் தெறிக்கும், அதவிட மோசம் கட்டர்ல வெட்டுற காம்பொனண்ட் கால் துண்டு, எந்தப் பக்கம் பறக்கும்னே தெரியாது. வெட்டும்போது துண்ட விரலால புடிச்சுக்கங்க. அப்புறம் அயர்ன் ஸ்டாண்ட்ல இருந்து விழுந்தா கை தானா புடிக்கப் போகும், விட்டுடுங்க, விழட்டும். சுட்டுடுச்சுன்னா ஓடுற குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க, ஐஸ், பேஸ்ட் எதுவும் வேணாம். கொப்புளம் பெருசா இருந்தா டாக்டர்கிட்ட போயிடுங்க.