பால் பத்தலையா? தாய்மார் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள் கேட்டவை. முதல் பிரசவம், அம்மா வீடு, ஆளுக்கொரு யோசனை. புரிகிறது.

பிரசவமாகி இரண்டு நாள். பாலே இல்லை, சர்க்கரைத் தண்ணீர் கொடு என்கிறார்கள். (பென்னாகரம்)

கொடுக்காதீர்கள். இப்போது வருவது சீம்பால். மஞ்சளாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனே தாராளம். மூன்று, நான்காம் நாளில் மார்பு கனக்கும். சிசேரியன் என்றால் கொஞ்சம் தள்ளிப்போகலாம். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிள்ளை சப்பாமல் தூங்கிவிடும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். தேனும் கழுதைப் பாலும்கூட வேண்டாம். ஐந்தாம் நாளுக்குமேல் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் பத்துகிறது என்று அர்த்தம். எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. பிள்ளை அழுதாலே பயமாக இருக்கிறது. (கெலமங்கலம்)

'முதல் பிள்ளைக்கு அப்படித்தான்' என்று சொல்லியிருப்பார்களே! அப்படியெல்லாம் இல்லை. பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது, அவ்வளவுதான். மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி பிடியுங்கள். காம்பால் மேலுதட்டை வருடினால் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மார்போடு அணையுங்கள். நீங்கள் குனிய வேண்டாம். முகவாய் மார்பில் பதிய, கீழுதடு வெளியே மடங்கியிருந்தால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போயிருக்கும். வலித்தால் இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து, மறுபடி வையுங்கள். நாலைந்து தடவை ஆகும். கிராம சுகாதார செவிலியர் வரும்போது பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். படித்துக் கற்பதைவிடச் சுலபம். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பாருங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பாலிலும் வருமா? (பாப்பிரெட்டிப்பட்டி)

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் பலருக்கும் உள்ள கவலை. தாய் குடிக்கும் தண்ணீரில் எவ்வளவு இருந்தாலும் தாய்ப்பாலுக்கு வருவது மிகமிகக் குறைவு. ஆனால் அதே தண்ணீரில் புட்டிப்பால் கலக்கினால் முழுதும் பிள்ளைக்குப் போகும். கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். உங்களுக்கும் சமையலுக்கும் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்துவையுங்கள்.

களி சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா? (ஊத்தங்கரை)

பிடிக்காது. கீரைக் குழம்போடு நன்றாகச் சாப்பிடுங்கள்.

ஓசூரில் கம்பெனி வேலை. லீவு முடியப்போகிறது. (சூளகிரி)

முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு உண்டு. முதலில் அதைச் சரிபாருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். பீய்ச்சிய பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும், வெயில் காலத்தில் அதற்கும் குறைவு. ஃபிரிட்ஜில் நான்கு நாள். பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுக்கச் சொல்லுங்கள்.

கணவர் நான் என்ன செய்ய? (அரூர்)

கேட்டதற்கே நன்றி தம்பி. பால் கொடுக்க உட்காரும்போது ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள். குடித்து முடித்ததும் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கும். பார்க்க வருகிறவர்கள் 'பால் இருக்கா?' என்று ஆரம்பித்தால், காபி கொடுத்துத் திண்ணையிலேயே உட்காரவையுங்கள்.