நர்சிங் சேரும் மகளும் கேஷுவாலிட்டி பயமும்

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு,

மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்தும், ஆஸ்பத்திரியில் டாக்டர்களையும் நர்ஸ்களையும் அடிக்கிறார்களே என்று தயங்குகிறீர்கள். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தியதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இந்தப் பயம் வரும். படிக்க வையுங்கள். ஆனால் காலேஜை நன்றாக விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

ஒருவருக்கு அடிபட்டால் தெருவே திரண்டு வருவது நம் வட சென்னைப் பாசம். ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி வாசலில் இருபது பேர் நிற்கும்போது, யாரிடம் விவரம் சொல்வது என்றே டாக்டருக்கும் நர்ஸுக்கும் தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் வந்து சொல்லாத அந்த நேரத்தில்தான் கோபம் கைகலப்பாகிறது. அப்போது முதலில் கண்ணில் படுவது யூனிஃபார்மில் நிற்கும் மாணவி. அதனால் மகளிடம் சொல்லி வையுங்கள்: இறப்புச் செய்தியை அவள் வாயால் சொல்லக் கூடாது, அது டாக்டரின் பொறுப்பு. குரல் உயர்ந்தால் பதில் பேசாமல் இரண்டு கை தூரம் தள்ளி, கதவுப் பக்கமாக நின்று ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட வேண்டும். ஐ.டி. கார்டு கயிறு இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும்.

சட்டம் பலமாகவே இருக்கிறது. தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டப்படி தாக்கியவருக்கு 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஜாமீனில் வர முடியாத குற்றம். நர்சிங் மாணவிகளும் இதில் அடக்கம். கோட்டை விடுவது புகார் எழுதும்போதுதான். புகாரில் இந்தச் சட்டத்தின் பெயர் இல்லையென்றால் சாதாரண அடிதடி வழக்காகிவிடக்கூடும். அடிபட்ட உடனே கேஷுவாலிட்டியில் காட்டி ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) காயத்தைப் பதிவு செய்ய வேண்டும். சிசிடிவி பதிவை எடுத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும், நாளானால் அழிந்துவிடும். போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் திரும்பக் கூடாது. சம்பவம் நடந்த 6 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி நிர்வாகமே எஃப்.ஐ.ஆர். பதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே "நீங்களே போய்ப் புகார் கொடுங்கள்" என்று காலேஜோ ஆஸ்பத்திரியோ கைகழுவினால் ஏற்காதீர்கள்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் பிரின்சிபாலிடம் கேளுங்கள்: பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், இரவுப் பணியில் கூட இருக்கும் ஆசிரியை யார், ஹாஸ்டலுக்கு வண்டி உண்டா, பாலியல் புகார் குழுவில் யார் யார். பிறகு ஒரு சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், மகளோடு அந்த ஆஸ்பத்திரிக்கே போய் அரைமணி நேரம் நில்லுங்கள். வார்டு வாசலில் பாஸ் கேட்கிறார்களா, காவலாளி நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.