‘பாக்கெட்டுக்கு ஒரு மரம்’: அட்டையில் அச்சடிக்கும் முன்

கேள்வி: போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம், பார்ட்னர்ஷிப் தொழில். வண்டன்மேடு பக்கம் 12 ஏக்கர் தோட்டமும் உண்டு. ‘பாக்கெட்டுக்கு ஒரு மரம்’ என்று அட்டையில் போட ஆசை. மலை மேலே சும்மா கிடக்கும் புல்மேட்டில் 10,000 கன்று நட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) கணக்கில் வருமா?

பதில்: புல்மேட்டை விட்டுவிடுங்கள். அது சும்மா கிடக்கும் இடமில்லை. உச்சியில் புல்வெளி, பள்ளத்தில் சோலை, இரண்டும் சேர்ந்ததுதான் நம் உயர்மலைக் காடு. வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தான். முன்பு அங்கே சீகையும் (வாட்டில் என்ற அயல் மரம்) தைலமரமும் நட்டதன் விளைவை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இன்றும் பார்க்கலாம். அந்தச் சீகையை அகற்றத்தான் இப்போது பணம் செலவாகிறது. வனத்துறை நிலமென்றால் அனுமதியில்லாமல் ஒரு கன்றுகூட வைக்க முடியாது.

உங்களுக்கான இடம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏலம் நிழலில் வளரும் பயிர். பழைய காட்டு மரம் சாய்ந்த இடத்தில் சில்வர் ஓக் வைத்தால் நிழல் வரும், ஆனால் இருவாச்சிப் பறவைக்கும் மலை அணிலுக்கும் தின்னப் பழம் இருக்காது. ஆயினி, நாவல், அத்தி வகைகள், சந்தன வேம்பு, கருங்குங்கிலியம் என்று கலந்து வையுங்கள். இதில் உங்களுக்கும் லாபம் உண்டு: ஏலப்பூ காய்ப்பிடிக்கப் பெரிதும் தேனீ வேண்டும். ஏலம் பூக்காத மாதங்களில் தேனீக்கு இரை தருவது சுற்றியுள்ள மரங்கள்தான். பூ விரிந்திருக்கும் காலை வேளையில் மருந்தடித்துக்கொண்டே மரம் நடுவதில் அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

12 ஏக்கரில் ஓடைக்கரை, வேலியோரம், இடைவெளி எல்லாம் சேர்த்தாலும் சில நூறு கன்றுக்குத்தான் இடம். அது போதும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை உலர்ந்தால் முளைக்காது. விழுந்ததும் பொறுக்கி, பையில் போட்டு, ஓராண்டாவது வளர்த்து, ஜூன் மழையில் நட வேண்டும். வால்பாறையில் தேயிலை, காபி தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, துண்டு துண்டாக நின்ற மழைக்காடுகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் மீட்டுவருகிறது. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

10,000 கன்றுக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மூன்றாம் வருடம் களை எடுப்பது யார்? உண்ணிச்செடியும் கொடியும் ஏறினால் கன்று இருந்த இடமே தெரியாது. நடவுக் கூலியோடு மூன்று வருடக் களைக்கூலியையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

சி.எஸ்.ஆர். உங்களுக்குப் பொருந்தாது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு கம்பெனிகளுக்கானது. அதிலும் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றையாவது எட்டியவற்றுக்கு மட்டும்.

அட்டை வாசகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இரண்டு மழை கழித்து எண்ணிப் பார்த்து, ‘நட்டது இத்தனை, உயிரோடு இருப்பது இத்தனை’ என்று போடுங்கள்.