0 போட்டுப் பார்த்தால் போதுமா? நீள் வகுத்தல் கேள்வி பதில்

பாம்பனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பல்லுறுப்புக்கோவை வகுத்தல் வந்தாலே கேள்விகள் குவியும். போனில் ஆங்கில எழுத்துக்குத் தாவ அலுப்பு, அதனால் எக்ஸ் வரும் இடத்திலெல்லாம் 'க' போட்டிருக்கிறேன்.

தேவிபட்டினம் மாணவி: சார், 2க³ − 3க + 5-ஐ க + 2-ஆல் வகுக்கணும். நடுவில் க² இல்லையே, அப்படியே எழுதலாமா?

எழுதாதேம்மா. 2க³ + 0க² − 3க + 5 என்று எழுது. உங்க ஊர் நவபாஷாணத்தில், அதான் கடலுக்குள் நிற்கும் ஒன்பது நவக்கிரகக் கற்களில், தண்ணீர் ஏறி ஒரு கல் மறைந்தால், அடுத்த கல்லை அங்கே நகர்த்தியா வைக்கிறோம்? அந்த 0 இல்லாவிட்டால் கீழே வரும் 4க² நிற்க இடமில்லாமல் −3க-வுக்கு அடியில் போய் உட்காரும்.

2க³-ஐ க-வால் வகுத்தால் 2க². பெருக்கிக் கழித்தால் −4க². −3க-வை இறக்கு. ஈவில் அடுத்தது −4க. பெருக்கினால் −4க² − 8க. கழி: −3க − (−8க) = 5க. 5-ஐ இறக்கு. ஈவில் +5. பெருக்கினால் 5க + 10. கழித்தால் −5. ஆக, ஈவு 2க² − 4க + 5, மீதி −5.

தங்கச்சிமடம்: அண்ணே, அதே கணக்கில் எனக்கு ஈவின் கடைசி −11, மீதி 27. க = 0 போட்டுப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் 5 வருது. அப்புறம் எப்படித் தப்பு?

அருமையான கேள்வி, தம்பி. −8-ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டாய். என் சிவப்பு மை அதிகம் தீர்வது இங்கேதான். பெருக்கி எழுதிய வரிக்குக் கீழே பென்சிலால் குறிகளை மாற்றிப் போட்டுவிட்டு அப்புறம் கூட்டு.

0 ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? 0 போட்டால் மாறிலிகள் மட்டுமே மிஞ்சும்: 2 × (−11) + 27 = 5. கடைசி வரியில் மீதியை எடுத்ததே அந்த 5-ஐச் சரிக்கட்டித்தான். முன்னால் எங்கே சறுக்கினாலும் அது பொருந்தியே தீரும். க = −2 போட்டால் −16 + 6 + 5 = −5. வகுத்தியைப் பூச்சியமாக்கும் எண்ணைக் கோவையில் போட்டால் மீதியே வரும், அதுதான் மீதித் தேற்றம். உன் 27 மாட்டிக்கொள்ளும். ஆனால் க + 2 பூச்சியமாகிவிடுவதால் ஈவைப் பற்றி அது வாயே திறக்காது.

10 போடு. கோவை 2000 − 30 + 5 = 1975. உன் விடை 12 × 149 + 27 = 1815. சரியான விடை 12 × 165 − 5 = 1975. நேரம் இருந்தால் வகுத்தியையும் ஈவையும் முழுசாகப் பெருக்கி மீதியைக் கூட்டு, அதுதான் அசைக்க முடியாத சோதனை.

கீழக்கரையிலிருந்து ஒரு தாயார்: மீதி மைனஸில் வரலாமா சார்? பையன் அழிச்சு அழிச்சுப் போடுறான்.

தாராளமா வரலாம்மா. இங்கே பார்ப்பது படியை, அதாவது க-வின் மிகப் பெரிய அடுக்கை மட்டும். மீதியின் படி வகுத்தியின் படியைவிடக் குறைந்தால் நிறுத்திவிடலாம். ரப்பரை வாங்கி வச்சுக்குங்க.

மண்டபம்: 6க² + 5க − 4-ஐ 2க − 1-ஆல் வகுத்தால் நீள் வகுத்தலில் 3க + 4, தொகுமுறையில் (கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கும் குறுக்குவழி) 6க + 8. எது சரி சார்?

3க + 4. தொகுமுறையில் 1/2 போட்டபோது நீ வகுத்தது க − 1/2-ஆல். அதனால் ஈவைப் பாதியாக்கணும், மீதியைத் தொடக்கூடாது. இங்கே மீதி 0, தொட்டாலும் தெரியாது. கடைசி −4-ஐ −1 என்று மாற்றிப் போட்டுப் பார், மீதி 3 வரும். அதைப் பாதியாக்கினால் சரிபார்க்கும்போது உதைக்கும்.