கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, யூனியன் மெம்பர் இல்லாதவங்களுக்குச் சம்பள பாக்கி உண்டா?

பிரதர், யூனியனும் கம்பெனியும் போட்ட கூட்டு ஒப்பந்தத்த கோர்ட் ஏத்துக்கிட்ட பேப்பர் இன்னும் வரல, நீங்க யூனியன் மெம்பரும் இல்ல, அதனால சம்பள பாக்கி கிடையாதுன்னு எச்ஆர் சொன்னதா போட்டிருந்தீங்க. அதுல பாதிதான் சரி, கோர்ட் ஏத்துக்கணும்ங்கறது சரி, மெம்பரா இருக்கணும்ங்கறது தப்பு. மலேசியால 1967 தொழில் உறவுச் சட்டப்படி, கையெழுத்தான ஒரு மாசத்துக்குள்ள ரெண்டு தரப்பும் சேர்ந்து ஒப்பந்தத்த இண்டஸ்ட்ரியல் கோர்ட் ரிஜிஸ்ட்ரார்கிட்ட கொடுக்கணும், கோர்ட் 14ஆவது பிரிவு படி இருக்கான்னு பாக்கும், அதாவது காலம் 3 வருஷத்துக்குக் குறையாம இருக்கா, திருத்தவும் முடிக்கவும் வழி எழுதியிருக்கா, இந்த மாதிரி, குறை இருந்தா திருத்திட்டு வரச் சொல்லலாம், ஏத்துக்கிட்டா அது கோர்ட் தீர்ப்பு மாதிரிதான்.

மெம்பர் கதையெல்லாம் சும்மா. 17ஆவது பிரிவுல அங்க வேலை செய்ற தொழிலாளிங்க, பின்னாடி சேர்றவங்க எல்லாரையும் சேத்துதான் எழுதியிருக்கு, ஆனா உங்க வேலை ஒப்பந்தத்துல சொன்ன வேலை வகைக்குள்ள வருதான்னு பாத்துக்கோங்க, சூப்பர்வைசர்னு பேர் போட்டு வெளிய தள்ளுறதும் நடக்கும்.

பாக்கிக்கு, ஒப்பந்தத்துல அமலுக்கு வர்ற தேதி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. யூனியன் செயலாளர்கிட்ட கோர்ட்ல என்னைக்குக் கொடுத்தாங்கன்னு கேளுங்க. கோர்ட் ஏத்துக்கிட்டும் தரலன்னா 56ஆவது பிரிவுல நீங்களே எழுத்துல கம்ப்ளெயின்ட் பண்ணலாம், யூனியனும் பண்ணலாம்.